எடை மேடை

நகோண்டே எல்லையில்
இன்றைக்கு நூற்றுப் பதினேழாவது லாரி மேடையேறுகிறது.
இரும்புப் பலகை ஒருமுறை முனகி அடங்குகிறது.
எண் நிலைக்கும்வரை
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறாள் நமோன்ஜே.
லாரியின் எடை போக
செம்பு முப்பத்துநாலு டன்.

தகடு தகடாய்க் கட்டி, தார்ப்பாய் போர்த்தி
நாலு நாள் வரிசையில் கிடந்தது.
ஓட்டுநர் சிலுவாம்பா
வண்டிக்கு அடியிலேயே அடுப்பு மூட்டி
மக்காச்சோளக் களி கிண்டி
பின்வண்டிக்காரனிடம் கருவாடு கடன் வாங்கித் தின்றான்.
"கடலைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டாள் ஒருமுறை.
"துறைமுக வாசல்வரை போவேன். ரசீது தருவார்கள்.
கடல் மதிலுக்கு அந்தப் பக்கம்.
வாடை மட்டும் வரும்."

அவள் அப்பா முஃபுலிராவில்
இருபத்தோரு வருஷம் பூமிக்குக் கீழே இருந்தார்.
சுரங்கம் அப்போது அரசாங்கத்துடையது.
முன்னே வெள்ளைக்காரக் கம்பெனியுடையது.
அதற்கும் வெகுகாலம் முன்னே
செம்பைச் சிலுவையாய் வார்த்து
உப்புக்கும் துணிக்கும் மாற்றிக்கொண்டவர்களுடையது.

வீட்டில் பல்பு போனால்
மாற்றுவதற்குச் சுரங்கத்திலிருந்தே ஆள் வருவான்,
ஏணியோடு.

பிறகு லண்டனில் ஒரு பலகையில்
யாரோ ஓர் எண்ணை அழித்துச் சின்னதாய் எழுதினார்கள்.
இங்கே மாவுக்கடை வரிசை
தெருமுனை திரும்பியது.
கடன் கொடுத்தவர்கள் கோட்டுப் போட்டு வந்து
விற்றுவிடுங்கள் என்றார்கள்.
விற்றார்கள்.
அப்பாவுக்கு வந்தது ஒரு கடிதம்,
குடியிருந்த வீடு,
முன்பே வந்திருந்த இருமல்.
ஐம்பத்திரண்டு வயதில்
நாற்காலிமேல் ஏறி
முதன்முதலாய்த் தன் கையால் ஒரு பல்பை மாற்றினார்.
கால் நடுங்கியது.
ஆயிரம் அடி ஆழத்தில் நடுங்காத கால்.

மின்சாரம் போகிறது.
காரிபா அணையில் தண்ணீர் இல்லையாம்.
உலகத்துக்குக் கம்பி கொடுக்கும் ஊரில்
முப்பத்துநாலு என்ற எண் அணைகிறது.
இருட்டில் லாரி நிற்கிறது மேடைமேல்,
எடையில்லாமல்,
வெளியேயும் இல்லை உள்ளேயும் இல்லை.

என் மொழியில் செப்பு என்றால் செம்பு.
செப்பு என்றால் சொல் என்றும் அர்த்தம்.
நமோன்ஜேவுக்கு அது தெரியாது.
இருட்டில் எழுந்துபோய்
தார்ப்பாய்க்குள் கைவிட்டுத் தகட்டைத் தொடுகிறாள்.
பகல் முழுக்க வெயிலில் கிடந்த சூடு
இன்னும் இருக்கிறது.
அது ஒன்றும் சொல்லவில்லை.

ஜெனரேட்டர் இருமிக்கொண்டு எழுகிறது.
எண் திரும்பி வருகிறது.
படிவத்தில் வண்டி எண்ணுக்குக் கட்டம் உண்டு, எடைக்கு உண்டு,
அச்சுக்கு எத்தனை சக்கரம் என்பதற்கும் உண்டு.
விலைக்குக் கட்டமில்லை.
எதிர்ப்புறத்தில் அடுத்த லாரி, உள்ளே வருவது:
செம்புக் கம்பிச் சுருள்கள்,
படிக்கத் தெரியாத எழுத்தில் முத்திரை.
அதே பேனாவால் அதையும் எழுதவேண்டும்.

கிளம்பும்போது சிலுவாம்பா தலையை நீட்டிக் கத்துகிறான்,
"இந்தத் தடவை மதிலேறிக் குதித்தாவது
ஒரு புட்டியில் கடல் கொண்டுவருகிறேன்."

"எத்தனை லிட்டர்?" என்கிறாள்,
"பதிவு பண்ணவேண்டும்."