ஆறு மீட்டர்

ஊர்ப் பெயரிலேயே நோக்கம் இருக்கிறது.
வாலி இங்கே நின்று எதை நோக்கினானோ தெரியாது,
கண் பார்க்க ஓர் அறை மட்டும்
வாலிநோக்கத்தில் இல்லை.

தடுப்பூசிக் குளிர்பெட்டியும்
உடைந்த எடைமேடையும் போக
எனக்குக் கிடைத்தது பதினோரு அடி.
எழுத்துப் பலகைக்கு ஆறு மீட்டர் வேண்டும்.
அதனால் செவ்வாயும் சனியும்
ஊசி அறை வாசலில் நாற்காலி,
தாழ்வாரத்தின் அந்த முனையில் பலகை,
நடுவே
பிரஷர் மாத்திரைக்கு நிற்கும் வரிசை.
ஒரு குடை, ஒரு கைக்குழந்தை, ஒரு தலைப்பாகை
எழுத்தை மறைத்து மறைத்துக் கடக்கும்.
"நகருங்கம்மா" என்று சொல்லியே
பாதி நாள் போய்விடும்.

படிக்காதவர்களுக்கு மூன்று கால் எழுத்து.
கால் எந்தப் பக்கம் என்று கையால் காட்டினால் போதும்.
சந்தியாகு காட்டவில்லை.
ஒரு கை கண்ணைப் பொத்தியிருக்க
மறு கை மடியிலேயே கிடந்தது.
"வாடை" என்றார்.
பிறகு, "கச்சான்."
பிறகு, "சோழகம், திரும்பவும் வாடை, கொண்டல்."
காய்ச்சலில் பிதற்றுகிறாரோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.
நான் பரமக்குடிக்காரி,
எங்களுக்குக் காற்று என்றால் காற்றுதான்.
மருந்தாளுநர் சீனிகனி ஜன்னலுக்குள் சிரித்தார்:
"கால் மேல பார்த்தா வாடை, கீழ பார்த்தா சோழகம். எழுதிக்கங்க."
எழுதிக்கொண்டேன்.
மூன்றாம் வரியில் அவர் நின்றார்.
"அதுக்குக் கீழ காத்தே இல்ல, தாயி."

வலது கண்ணில் முற்றிய புரை.
ராமநாதபுரத்துக்கு வண்டி வரும், செலவில்லை,
அன்றே லென்ஸ், மறுநாள் வீடு.
எல்லாம் சொன்னேன்.
"எப்ப?"
"ஆவணியில்."
"ஆவணியில நான் கடல்ல இருப்பேன்."

விசைப்படகுக்கு வருஷத்தில் அறுபத்தொரு நாள் தடை.
சித்திரை பிறந்ததும் வலை காயும், ஆள் சும்மா இருப்பான்,
முகாம் வராது.
மேலே எழுதினேன்:
கடலை மூடும் மாதங்களில் கண்ணைத் திறக்கலாமே.
அலுவலகத்தில் யாரோ அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு
'முகாம் தேதி மாற்றம், கோருதல், சார்பாக' என்று தலைப்பிட்டார்கள்.
அதனால்தான் கோப்பு நகர்ந்தது என்று நினைக்கிறேன்.

முத்திருளாயி வேறு மாதிரி.
அளத்திலிருந்து நேரே வந்தாள்,
கால் வெடிப்பில் உப்பு.
மூக்குப் பக்கத்திலிருந்து கருவிழி மேல்
சதை ஏறியிருந்தது,
பாத்தி ஓரத்தில் உப்புக் கட்டுமே, அப்படி.
கடைசி வரி வரைக்கும் மளமளவென்று சொன்னாள்.
பலகையை முந்தின வாரம்தான் தலைகீழாக மாட்டியிருந்தேன்.
வரிசையில் நின்று கேட்டு அவள் மனப்பாடம் செய்தது
பழைய பலகை.
நான் வாயைத் திறக்கவில்லை. அவளே சொன்னாள்:
"கண்ணு போச்சுன்னு காங்காணிக்குத் தெரிஞ்சா
உப்பு வாரக் கூப்பிட மாட்டாரு."
"மண் கலந்தால் எப்படித் தெரியும்?"
"காலுக்குத் தெரியும்."

கருப்புக் கண்ணாடி என்று சீட்டில் எழுதினேன். கையிருப்பில் இல்லை.
டார்ச்சுக்கு பேட்டரி என் காசு.
அளத்தில் அவளோடு சேர்த்துப் பதினாறு பேர்.
டாக்டர் தேவசகாயம் நோயாளர் நலநிதியில் வாங்கக் கையெழுத்திட்டார்,
போடுகிறார்களா என்று நேரில் பார்த்து எழுத வேண்டும்.
போனேன்.
பதினோரு பேர் போட்டிருந்தார்கள்.
நாலு பேர் விசேஷத்துக்கு என்று பெட்டியில் வைத்திருந்தார்கள்.
ஒன்றை வெள்ளாடு மிதித்துவிட்டது.
அப்படியே எழுதினேன்.

இப்போது தாழ்வாரத்தில் மஞ்சள் கோடு போட்டாயிற்று.
மாத்திரை வரிசை சுவரோரம் வளைந்து நிற்கிறது.
வைகாசியில் அறுவை முடிந்த சந்தியாகு
ஆனி முதல் செவ்வாய் வந்தார்.
இடது கண்ணைப் பொத்திக்கொண்டு
வரி வரியாக இறங்கினார்.
ஏழாவதில் கொஞ்சம் நிதானித்து
"கொண்டலா இருக்கும். இல்ல, இல்ல. கச்சான்."
கச்சான்தான்.

எழுதக் குனிந்தேன்.
கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டின.
பதிவேட்டைத் தள்ளிப் பிடித்தேன், இன்னும் கொஞ்சம் தள்ளி,
கை முடிகிற வரைக்கும்.
சந்தியாகு பார்த்துக்கொண்டே இருந்தார்.
"கிட்டத்துல காத்து இல்லையோ, தாயி?"