எந்த மடையன்

பன்னிரண்டு திருகில் ஒன்பது கழன்றன.
மிச்சம் மூன்றும் அலுமினியத்தோடு உப்பாய் இறுகிப் போயிருந்தன.
தலையைத் துளைத்தேன். வெள்ளை மாவு கண்ணில்.

பலகையை நெம்பித் தூக்கினால்
அடியில் ஒரு வாளிக் கடல்.

“எந்த மடையன் பூசினான் இதை?”
லோயாங் கரையே கேட்கக் கத்தினார் கோ.
“எந்த மடையனோ” என்றேன் நானும்.

பழைய சீலன்ட்டைச் சுரண்டிக்கொண்டே போனால்
மூலையில் ஒரு கட்டைவிரல் ரேகை,
குறுக்கே வெட்டு.
கையுறையைக் கழற்றினேன்.
அதே வெட்டு.
பெஞ்சுரு விடுதியில் மத்தி டின் கிழித்தது.

அசிட்டோன் ஊற்றித் துடைத்தேன்.
துணி கறுத்தது. வேறு துணி.
அது கறுக்காமல் திரும்பும்வரை துடைத்தேன்.
மூன்று வருடம் முன்பு இதைத்தான் செய்யவில்லை.

உபின் தீவு மழையில் மறைந்துவிட்டது.
புதுச் சீலன்ட்டின் மேல் பலகையை இறக்கி
மூலைக்கு மூலை திருகி
முழுதாய் முறுக்காமல் விட்டு
தார்ப்பாயை இழுத்தோம், ஆளுக்கொரு முனை.

காய இருபத்துநான்கு மணி நேரம்.
அவ்வளவு நேரமும் கோ திட்டுவார் போலிருந்தது
அந்த மடையனை.

“பாஸ், அன்னைக்கும் மழை வந்திருக்கும்”
என்றேன்,
கட்டைவிரலை மடக்கிக்கொண்டு.