நான்கு புள்ளிகள்

பக்கத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய்.
பூந்தமல்லி சிறப்பு நீதிமன்ற வாசலில்
என் கைப்பையைக் கவிழ்த்து
பென்சில் சீவும் அரை பிளேடை எடுத்துக்கொண்டார் காவலர்.
போகும்போது வாங்கிக்கோங்கம்மா.

முத்திரை உடைத்த உறைக்குள்
ஒரு பையனின் கைபேசியிலிருந்து இறக்கிய நாற்பத்தோரு பக்கம்.
பெயர் முபஷ்ஷிர். நற்செய்தி சொல்பவன் என்று பொருள்.
ரிச்சி தெருவில் உடைந்த திரை மாற்றுகிறவன்.
அரபியை எழுத்துக் கூட்டுவான். பொருள் தெரியாது.

“அரபியில் உள்ளது தமிழில் வரணும், அவ்வளவுதான்.
குறிப்பெல்லாம் எழுதாதீங்க” என்றார் கோதண்டபாணி,
டீயின் ஆடையை விரலால் ஒதுக்கியபடி.

மேலே சில பக்கம் வீடியோ வசனம்.
வெயில், கொடி, இளம் குரல்.
அதற்கடியில் பெஷாவரில் அச்சான துண்டறிக்கைகள்;
தாளுக்கும் மைக்கும் பணம் கொடுத்த தலைநகரங்கள்
இப்போது எதுவும் நினைவில்லை என்கின்றன.
அதற்கும் அடியில் எகிப்தின் சிறை.
அடிபட்ட விலாவோடு எழுதப்பட்ட வாக்கியம்
மூச்சு வாங்கி நின்று நின்று போகிறது.
வெளியே இருக்கும் உலகம் முழுதும் அறியாமை என்கிறது.
இன்னும் கீழே
அளவுகோல் வைத்து யாரோ கிழித்த வரைபடம்.

எல்லாவற்றுக்கும் அடியில், எழுநூறு வருடத்துக்கு முன்
மங்கோலியக் குதிரைகளுக்குத் தப்பிப் பிள்ளைப்பருவத்தில் ஊர்விட்டு ஓடிய ஒருவர்.
அவரிடம் ஓர் ஊரார் கேட்கிறார்கள்:
எங்கள் மண் அமைதியின் மண்ணா, போரின் மண்ணா?
இரண்டும் இல்லை, மூன்றாவது வகை என்கிறார்.
நெறிக்குள் இருப்பவர் தமக்கு உரியபடி நடத்தப்படுவர்.
நெறிக்கு வெளியே இருப்பவரும்
தமக்கு உரியபடி

இங்கேதான் பேனா நின்றது.

டமாஸ்கஸின் பழைய கையெழுத்துப் படியில் யுஆமல்.
நடத்தப்படுவர்.
நூறு வருடத்துக்கு முன் கெய்ரோ அச்சில் யுகாத்தல்.
போரிடப்படுவர்.
ஐன் இருந்த இடத்தில் காஃப், மீம் இருந்த இடத்தில் தா.
கூடுதலாக நான்கு புள்ளிகள்,
ஈ எச்சம் அளவு.

திருவல்லிக்கேணியில் இருபத்திரண்டு வருடம்
மெய்ப்புத் திருத்தியவள் நான்.
ஒருமுறை பள்ளி ஆண்டுமலரில்
‘நன்றாகக் கல்’ என்ற இடத்தில்
எங்கிருந்தோ ஒரு கொம்பும் ஒரு காலும் வந்து ஒட்டிக்கொண்டு
‘நன்றாகக் கொல்’.
ஆயிரம் படி.
விடிய விடிய உட்கார்ந்து பிளேடால் சுரண்டினோம்.
முதலாளி காஜா மியான்
சிரித்துக்கொண்டே சுரண்டினார், அழுதுகொண்டும்.

புள்ளிகளைச் சுரண்டினால் எல்லாம் சரியாகும் என்று
நான் சொல்லவில்லை.
அந்தப் பெரியவர் மென்மையானவர் அல்லர்,
வேறு ஏடுகளில் கத்தி போலவே எழுதியிருக்கிறார்.
தேடி வந்த கைகளுக்குப் பிழை தேவைப்பட்டது.
சரியாக அச்சிட்டிருந்தால்
வேறு பிழை தேடியிருக்கும்.
ஆனாலும்
அந்த ஒரு வரியைத்தான் பையன் மஞ்சளில் தீட்டியிருந்தான்.

நடைபாதையில் அவன் அம்மா.
ஓட்டேரியிலிருந்து மூன்று பஸ் மாறி வந்த முகம்.
“அதுல என் புள்ள எழுதுனது எவ்ளோம்மா?”
ஒரு வரிகூட இல்லை என்றேன்.
அது அவனைக் காப்பாற்றும் பதிலா, மாட்டிவிடும் பதிலா,
எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். குடித்தேன்.

திரும்ப வந்து உட்கார்ந்து எழுதினேன்:
போரிடப்படுவர்.
தாளில் இருப்பது அதுதான்.
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டேன்.
கோதண்டபாணி ரப்பரை எடுத்து மெதுவாக அழித்தார்.
கோபமில்லை அவருக்கு.
மூலத்துக்கு உண்மையானது என உறுதியளிக்கிறேன்,
நாற்பத்தோரு கையெழுத்து.

வாசலில் காவலர்
பழைய சம்மன் தாளில் மடித்து வைத்திருந்தார் பிளேடை.
“இதை வெச்சு என்னம்மா பண்ணுவீங்க?”

25ஜி வந்துவிட்டது.