காத்து மாறினால்

என் மேசையில் அது விழுவதில்லை.
துவாரகனின் போனிலும் விழுவதில்லை.
திருநெல்வேலிச் சந்தியில், இரண்டாம் மாடியில்,
ஆரணி ஏழு போன்களை அடுக்கி வைத்து
நாற்பது தரம் ரிக்கெற் எடுத்தாள்,
ஒருத்தரும் ஏறாத படகுக்கு.
ஏழும் பச்சையாய்ச் சிரித்தன.

நெடுந்தீவுப் படகில் மட்டும் விழுகிறது.
அதுவும் எல்லா நாளும் இல்லை.
"காத்து மாறினா விழும் பிள்ளை,"
என்றார் மரியநேசன், இரைச்சலுக்குள்ளால்.
நான் அதை அப்படியே எழுதிக்கொண்டு
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

திங்கள், நினைவகத்தைச் சந்தேகித்தேன்.
படகின் படத்தைச் சுருக்கினேன்,
மாதாவின் படத்தை எடுத்தேன்
(அவர் கேட்டதால் பிறகு திரும்ப வைத்தேன்).
செவ்வாய், பற்றறி.
மலிவான போன்கள் மிச்சம் பிடிக்கிறோம் என்று
பின்னால் ஓடுகிறவற்றின் கழுத்தைத் திருகும்.
திருகாதே என்று ஒரு அனுமதி கேட்டு வைத்தேன்.
புதன், துவாரகன்.
போன கிழமை அவன் எதையோ மாற்றியிருந்தான்.
அவன் வாங்கி வந்த ரோல்ஸை
நான் தொடவில்லை. மத்தியானம் முழுக்க
விசைப்பலகைகள் மட்டும் கதைத்தன.

பிழைப் பதிவு சொன்னது இவ்வளவுதான்:
நூற்றுப் பன்னிரண்டாம் வரி.
அங்கே ஏதோ இருக்குமென்று கை நீட்டினாய்.
அங்கே ஒன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.
பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு.
மடியில் கணினி, காலடியில் யாரோவின் வெங்காயச் சாக்கு.
குறிகாட்டுவானில் போன் ஒழுங்காய் வேலை செய்தது.
சிமெந்து மூட்டைக்கு ஒரு ரிக்கெற்,
காஸ் சிலிண்டருக்கு ஒன்று,
விஞ்ஞான ரீச்சருக்கு மாதச் சீட்டு.
எனக்கும் ஒன்று. காசு வாங்கமாட்டேன் என்றார்,
செயலி வாங்கிக்கொண்டது.

அரைவாசித் தூரத்தில் இயந்திரம் ஒரு தரம் இருமியது.
கடைசி நேரம் பாய்ந்து ஏறின பெடியனுக்கு
மரியநேசன் ரிக்கெற் அடிக்கப் போனார்.
றப்பர் பாண்ட் சுற்றிய போன், வெடித்த கண்ணாடி.
ஒரு சின்ன அதிர்வு.
"இந்தியா உங்களை அன்புடன் வரவேற்கிறது."
பெருவிரலால் அதைத் தள்ளி அழித்தார்.
அடுத்த கணம்
செயலி விழுந்தது.

"பொறுங்கோ," என்றேன், "இப்ப என்னத்தை அழிச்சனீங்கள்?"
"அதோ? அது நெடுக வாறது தானே.
காத்து அங்காலிருந்து அடிச்சா அவையின்ர கோபுரம் பிடிக்கும்.
அதுக்கும் ரிக்கெற்றுக்கும் என்ன?"

நூற்றுப் பன்னிரண்டைத் திறந்தேன்.
உப்புத்தண்ணீர் தெறித்து
இரண்டு எழுத்து பெருத்துத் தெரிந்தன.
அந்த வரி கோபுரத்திடம் கேட்கிறது:
நாங்கள் இப்போது எந்த நாட்டில்?
பதிலைக் கொண்டுபோய்ப் பட்டியலில் தேடுகிறது.
பட்டியலில் ஒரே ஒரு நாடு.

எழுதியது யார் என்று தட்டிப் பார்த்தேன்.
இரண்டு வருடத்துக்கு முன், மார்கழி,
இரவு ஒன்று நாற்பது.
என் பெயர்.

பாஸ்போட் இல்லாமல்
இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு
வாரத்தில் இரண்டு மூன்று தரம்
நாடு மாறியிருக்கிறது இந்தப் போன்.
ஒருத்தரும் மறிக்கவில்லை,
என்னைத் தவிர.

கோபுரத்தைக் கேட்கிற வரியை வெட்டினேன்.
படகு எந்தத் துறையிலிருந்து வெளிக்கிட்டது,
அது போதும் ரிக்கெற்றுக்கு.
அனுப்ப இணையம் இல்லை.
பெடியனின் பெயரை மரியநேசன்
கொப்பியில் எழுதினார், பேனையை உதறி உதறி.

தீவு நெருங்க,
போன் தானாய்த் திரும்பி வந்து
நான்கு கோடும் காட்டியது,
எங்கும் போகாத மாதிரி.

குறிப்பேட்டில் கேள்விக்குறியை அடித்தேன்.
செய்ய வேண்டியவற்றின் அடியில் எழுதினேன்:
பழைய போன்களுக்கும் இதை அனுப்ப வேணும்.
ஆரணிக்கு, காற்றை எப்படிச் சோதிப்பது என்று யோசிக்க.
துவாரகனுக்கு ரோல்ஸ், இரண்டு,
சூடாய்.