காரணம்: பாறை

நவம்பர். பன்டோரனில்
நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.
கொட்டகை மூலையில் ஈரம் உறிஞ்சும் பெட்டி
பகல் முழுக்க முனகி
அரை வாளி அட்லாண்டிக்கைக் கக்கியிருக்கிறது.

ஃபியக்ரா கொண்டுவந்த துடுப்புப் பலகையில்
காயத்தின் மேல் ஒரு ஸ்டிக்கர்:
கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் கடல்நாய்.
"பாறை" என்றான்.
"சனிக்கிழமைக்குள் கிடைக்குமா?"

தூக்கிப் பார்த்தேன்.
ஒரு பக்கம் மட்டும் கனத்தது,
தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டதுபோல.
கடல்நாயை உரித்துவிட்டு
வெட்டுவாய் கீழே வரச் சாய்த்துவைத்தேன்.
ஒரு சொட்டு.
அவன் போனில் வந்த செய்தியைப் படித்து முடித்த பிறகு
இன்னொரு சொட்டு.
நாக்கில் வைத்தேன். உப்பு.
"மூன்று வாரம்" என்றேன்.

ஈரத்தை உள்ளே விட்டு மேலே பூசினால்
யாருக்கும் தெரியாது, உண்மைதான்.
ஜூலையில் ஒரு மத்தியானம் பூட்டிய வேனுக்குள் கிடந்து
கொப்புளமாகத் தோல் தூக்கும்வரை தெரியாது.

போதாக்குறைக்கு அவன் கைவைத்தியம் வேறு.
மலிவாகக் கிடைத்த பாலியெஸ்டர் ரெசினை
வெள்ளைத் தெர்மாகோலின் மேல் ஊற்றியிருக்கிறான்.
விரல் நுழையும் ஓட்டைக்குள்
இப்போது என் முஷ்டி நுழைகிறது.
அதை அவனிடம் காட்டவில்லை.
பில்லில் காட்டிக்கொள்ளலாம்.

செவ்வாய்க்கிழமை ப்ரோனா வந்தாள்,
ஆறடி இரண்டங்குல அலைப்பலகையோடு.
நீல ஃபின் பாதியில் ஒடிந்து
அடிப்பெட்டி பெயர்ந்து ஆடியது.
"பாறை" என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

எனக்குப் பாறையைத் தெரியும்.
அது கடிக்கும், மெல்லும்,
சிப்பித் தூளைக் காயத்தில் விட்டுவிட்டுப் போகும்.
ஃபியக்ராவுடையது ஒரே இழுப்பு,
அவசரத்தில் போட்ட கையெழுத்து.

அன்று இரவு கெட்ட நுரையை அறுத்தெடுக்கையில்
கத்தி எதிலோ தட்டியது:
நகத்தளவு நீலத் துண்டு.
முகமூடியைக்கூடக் கழற்றாமல் நடந்துபோய்
அவள் ஃபின்னில் வைத்துப் பார்த்தேன்.
ஒடிந்த பிஸ்கட்டின் மறுபாதிபோலப் பொருந்தியது.

ஒரே அலையில் இரண்டு பேர்.
யார் குறுக்கே வந்தது என்று
சாட்சிக்குக் கூப்பிட அந்த அலை இல்லை.
போன கோடையில் இதே இருவர்
ஒரே வேனில் வந்து மெழுகு வாங்கினார்கள்,
சில்லறைக்குச் சண்டை போட்டார்கள்.

மற்றதெல்லாம் வேலை.
உலர்த்தினேன். எடை போட்டேன்.
உலர்த்தினேன். எடை போட்டேன்.
முள் இரண்டு நாள் அசையாமல் நின்ற பிறகே
புது நுரையைச் செதுக்கி உள்ளே வைத்தேன்.
எபாக்சியைத் தராசில் வைத்துத்தான் கலக்க வேண்டும்.
இறுக்கியைக் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும்
என்று நினைக்கிறார்கள்.
இறுகாது. கூடிப்போனது எதுவோ
உள்ளே பிசுபிசுவென்று கடைசிவரை கிடக்கும்.
கண்ணாடித் துணி இரண்டு மடிப்பு,
மேல் மடிப்பு ஓர் அங்குலம் அகலம்.
ஹீட்டரைப் பலகைக்குத் திருப்பிவிட்டு
நான் கோட்டோடு நின்றேன்.
மஞ்சள்தான் பாடுபடுத்தியது:
ஐந்து வருட வெயிலில் வெளுத்த மஞ்சள்.
பழுப்பில் ஒரு துளி, பிறகு பாதித் துளி,
பிறகு அதிகமாகிவிட்டது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டு
முதலிலிருந்து.

பில்கள் இரண்டு எழுதினேன்.
காரணம்: பாறை.
காரணம்: பாறை.

ஃபியக்ரா வெள்ளிக்கிழமை வந்தான்.
தன் பலகையை ஏறிட்டும் பார்க்கவில்லை.
சுவரில் சாய்ந்திருந்த மற்றதன் அருகே போய்
புது ஃபின் மேல் கட்டைவிரலை ஓட்டினான்.
"இது எப்படி?" என்றான்.
"பாறை" என்றேன்.
தூசு தட்டுகிறவன்போலக் கையைத் தட்டிக்கொண்டான்.
சன்னல் விளிம்பில் அந்த நீலத் துண்டு இருந்தது.
பார்த்தானா, தெரியாது.

"ஆறிவிட்டதா?" என்று கேட்டான், வெகுநேரம் கழித்து.
எதைக் கேட்கிறான் என்று நான் கேட்கவில்லை.
"தொட்டால் கல்லாட்டம் இருக்கும்" என்றேன்.
"உள்ளே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.
ஒரு வாரம் தண்ணீரில் போடாதே."