தொட்டுக்க

பேனர் அடிக்கிற குணாளன்
சித்தியவானிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டான்:
ஒரு கறிக்கு ஒரு அடைமொழிதான் அக்கா,
ரெண்டானால் எழுத்து எறும்பாகிவிடும்.

எதிர்க்கடை பரஞ்சோதி
எல்லாவற்றுக்கும் ‘சுவையான’ போட்டிருக்கிறார்.
சுவையான கோழி, சுவையான மீன்,
சுவையான கை கழுவும் இடம்
ஒன்றுதான் பாக்கி.

கடை அடைத்துத் தரை கழுவிய பிறகு
பில் புத்தகத்தின் முதுகில் எழுத உட்கார்ந்தேன்.
சோற்றுக்கு ஒன்றும் வேண்டாம்.
அதற்கு அடைமொழி வைத்தாலே
பழைய சோறு, ஆறிய சோறு, ஓசிச் சோறு என்று
கெட்ட பெயர்தான் வருகிறது.
தொட்டுக்கொள்வதற்குத்தான் சொல் தேவை.

அப்பளம் எளிது என்று நினைத்தேன். மொறுமொறு.
ஆனால் நவம்பர் மழையில்
பன்னிரண்டரைக்குப் பொரித்தது
ஒன்றரைக்கு நமுத்துப்போகிறது.
‘அவசர அப்பளம்’ என்று எழுதிக்கொண்டேன்.
வெண்டைக்காய்க்கு வழுவழு என்பது உண்மை.
எல்லா உண்மையையும் விற்க முடியாது,
அதை விட்டுவிட்டு மேலே போனேன்.

பாகற்காய்க்குக் ‘கசக்காத’ என்று போடு,
கொசுவலைக்குள்ளிருந்து சேதுராமன் குரல்.
கசக்காவிட்டால் எதற்குப் பாகற்காய்,
அந்தக் காசுக்கு முட்டைக்கோஸ் வாங்கலாமே.
‘நேர்மையான பாகற்காய்.’
பத்தொன்பது வருஷக் குடித்தனம்,
அவர் சிரித்ததில் வலை ஆடியது.

கோழிப் பெரட்டலுக்குக் ‘கருத்த’ என்றேன்.
வியாபாரம் ஆகாது, ‘பொன்னிற’ என்று போடு என்றார்.
என் ஜாதகத்தோடு அனுப்பிய காகிதத்தில்
தோட்டத்துக் கிராணி ‘மாநிறம்’ என்று எழுதிக் கொடுத்தார்.
பெண் பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும்
அந்தச் சொல்லை என் முகத்தில் தேடினார்கள்.
மிளகும் வெங்காயமும் அடிப்பிடிக்கும்வரை
விடாமல் கிளறி வருகிற நிறம் அது.
கருத்த பெரட்டல்.
அதை மட்டும் பெரிய எழுத்தில் போடச் சொன்னேன்.

மீதி இருந்தது ரசம்.

சூடான என்றால் பத்து நிமிஷத்துக்குத்தான் சரி.
மேலே மொண்டால் தெளிந்த ரசம்,
அடியில் மொண்டால் கலங்கிய ரசம்.
செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறவர்
நின்றபடியே கிளாசில் குடித்துவிட்டுப் போவது,
மகன் சிங்கப்பூர் போன வாரம்
நாங்கள் இருவரும் வேறெதுவும் இறங்காமல்
அதையே மூன்று வேளை ஊற்றிக்கொண்டது,
இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சொல்லா?
மணி ஒன்று.
இடத்தைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன்.

நூறு என்றதைத் தாவார் பண்ணி
எழுபது வெள்ளிக்கு இறக்கிய பேனர்
வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது.
காலி இடம் குணாளனுக்குப் பொறுக்கவில்லை,
ஊர்ப் பெயரை எடுத்து நிரப்பியிருந்தான்:
ஆயர் தாவார் ரசம்.

பரஞ்சோதி சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே சிரித்தார்.
ஆயர் என்றால் தண்ணீர், தாவார் என்றால் சப்பென்ற,
நல்லா போட்டீங்க தங்கச்சி, தண்ணி ரசம்!
திருப்பி அடிக்க இன்னொரு எழுபது வெள்ளிக்கு
அந்த வாரம் வழியில்லை.
மாட்டினோம்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது தோன்றியது.
பெயர் வைத்தவன் கடலிலிருந்து
உப்பேறிய வாயோடு ஏறி வந்திருக்கலாம்.
இங்கே ஏதோ ஓடையில் குனிந்து
முதல் வாய் அள்ளியவன்
‘தாவார்’ என்று கத்தியிருந்தால்
அது சப்பென்ற என்று சொன்னதாகுமா?
உப்பில்லை, குடிக்கலாம், வாருங்கள் என்று
பின்னால் வந்தவர்களைக் கூப்பிட்டதாகாதா?

பரஞ்சோதியிடம் சொல்லவில்லை.
மதியக் கூட்டம் வந்துவிட்டது.

செம்பனைத் தோட்டத்து ரஃபிகுல்
பேனருக்கு நேர் கீழே உட்கார்ந்தான்.
டாக்காவுக்கு அப்பால் ஏதோ ஊர்,
நம் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.
இலையில் சோற்றைக் குழித்துக்கொண்டு
குண்டானுக்கு நேராக விரலை நீட்டினான்.
யாங் இத்து.

அதுதான்.
அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கி
ஊற்றினேன்.