பதினாறு பைட்

காவல்கிணறு விலக்கில் ஒரு இறகு
ராத்திரி ஒன்றரைக்கு மாட்டிக்கொண்டது.
காற்றாடி இறகை வெட்டிக் கொண்டுவர முடியாது.
வளைவு இடம் கொடுக்காவிட்டால்
வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.
கோபுரம் அப்படியில்லை.
நாலு உருளையாக நாலு லாரியில் வரும்.
பெயின்ட்டில் எழுதிய எண்ணைப் பார்த்து
கிரேன்காரர் சொரிமுத்து அடுக்குவார்.
இரண்டாவது முந்தி வந்தாலும்
ஒன்றாவது வரும்வரை பனைகளுக்கிடையே கிடக்கும்.

பணகுடி கட்டுப்பாட்டு அறையில்
எனக்கும் இதே வேலை, சத்தமில்லாமல்.
ஆயிரத்து ஐந்நூறு பைட்டுக்கு மேல்
வழி கொள்ளாது, ரவுட்டர் அறுத்துவிடும்.
எங்கிருந்து எங்கே, எந்தப் பொட்டலத்தின் பிள்ளை,
எத்தனையாவது பைட்டில் உட்கார வேண்டும்,
எல்லாத் துண்டிலும் எழுதியிருக்கும்.
இன்னும் வருது என்று ஒரு கொடி,
கடைசித் துண்டில் மட்டும் இறங்கியிருக்கும்.
எந்தக் கதவைத் தட்டுகிறது என்பது
முதல் துண்டோடு சரி.

எங்கள் ஃபயர்வால் பழசு.
மாப்பிள்ளை வீட்டார் என்று ஒருவர் சொன்னால்
பின்னாலே ஒரு வேன் ஆளையும்
பந்திக்கு விட்டுவிடும்.

இரண்டு நாற்பது. பதினேழாம் காற்றாடி.
காற்று எவ்வளவு என்றது முதல் துண்டு.
தினமும் கேட்கிற கேள்வி. போனது.
இரண்டாவது தன் இடத்தில் உட்காராமல்
முதலாவதின் மடியில் ஏறி உட்கார்ந்தது.
காற்றாடியின் கணினி
பிந்தி வந்ததை நம்புகிற ரகம்.
கேள்வி இருந்த இடத்தில்
நிறுத்து என்றிருந்தது.

நின்றது.
ஆடிக் காற்று கணவாயில் அலற
அது மட்டும் மூன்று கையையும் விரித்தபடி.

‘காத்து கூடினா தன்னால நிக்கும்லா’ என்று
தூக்கத்திலேயே சொன்னார் மேலாளர் ஜெபமணி.
நான் பதிவேட்டைத் திறந்தேன்.
அறுபத்து நாலில் தொடங்க வேண்டிய துண்டு
நாற்பத்தெட்டில் தொடங்கியிருந்தது.
பதினாறு பைட்.
கன்னக்கோல் போட்ட ஓட்டையின் அகலம் அவ்வளவுதான்.

இப்போது வாசலிலேயே முழுசாகச் சேர்த்துப் பார்க்கிறேன்.
ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மொத்தமும் குப்பைக்கு.
இதிலும் நிம்மதி கிடையாது.
மிச்சத்தை அனுப்பாமலே எவனாவது
பத்தாயிரம் முதல் துண்டை அனுப்பினால்
வராத ஆட்களுக்குப் பாய் விரித்தே
இடம் தீர்ந்துவிடும்.
அதனால் முப்பது வினாடி. அதற்குமேல் காத்திருப்பதில்லை.

விடியப்போகும்போது திரையில்
ஒரே ஒரு நடுத்துண்டு.
முன்னும் இல்லை, பின்னும் இல்லை.
வேவு பார்க்க வந்ததா,
பழவூர்ப் பக்கம் அறுந்த லைனில்
கூட வந்தவர்களைத் தொலைத்ததா?
இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.

போன் அடித்தது. சொரிமுத்து.
‘கம்பத்தப் பிடுங்கியாச்சி தாயி,
இறகு திரும்பிட்டு.’
நான் திரையைப் பார்த்தபோது
அந்த வரி இல்லை.